பயம் ஒரு தரம், பயம் இரண்டு தரம்

கும்பகோணத்துப் பக்கம் உயரம் என்றால் கோபுரம். அதை விட்டால் அரிசி ஆலைப் புகைபோக்கி. மலையை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். ஆகவே போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஊர் முடிகிற இடத்தில் நீலமாக ஒன்று நிற்பதைப் பார்த்து என் மகள் பொன்னி, "அது என்னம்மா?" என்றபோது, தயங்காமல் "மேகம்" என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் தூக்க வந்தவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "மேகமில்ல தாயி, மலை. நாளைக்கும் அங்கனயேதான் இருக்கும். நெதானமாப் பாத்துக்கங்க."

ஐந்து வயதுக் குழந்தைக்கு மலையையே தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்ற கவலை, அத்தை வீடு போய்ச் சேரும்வரை தீரவில்லை. கவலைப்படுவதில் நான் அப்போது நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. போடிக்கு நான் வந்ததே அந்தத் தேர்ச்சியைக் குறைத்துக்கொள்ளத்தான்.

பெட்டி தூக்கியவர் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொன்னியின் பாவாடை நாடாவும் என் முந்தானையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்; நாகரிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, நாங்கள் வந்த பஸ் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனால் சாய்ந்த வேளையில் என் கைக்குள் இருந்த பொன்னியின் கை நழுவியது. இடுப்பளவு தண்ணீர், இருட்டு, ஒரே கூச்சல். அவள் எங்கே என்று தெரியவில்லை. யாரோ அவளை ஜன்னல் வழியாக எடுத்துக் கரையில் உட்கார்த்தி, தாம்பூலப் பையிலிருந்த வாழைப்பழம் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். சேறும் அழுகையுமாக நான் மேலே ஏறி வந்தபோது அவள் பாதிப் பழம் தின்று முடித்திருந்தாள். அந்த நாளைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது அந்தப் பழம். எனக்கு அந்த நழுவல்.

அதற்குப் பிறகு அவள் கையை நான் விடவில்லை. சமைக்கும்போதும் கோலம் போடும்போதும் கை வேண்டியிருக்கிறதே என்றுதான் முந்தானை முடிச்சு வந்தது. போன ஜூனில் பாலர் வகுப்பில் சேர்த்துவிட்டு, வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். சில நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர், "வெயில்ல ஏம்மா, உள்ளயே வந்து உக்காருங்க, அட்டெண்டன்ஸும் போட்டுடறேன்" என்றார். மறுநாளிலிருந்து இரண்டு பேருமே போகவில்லை. இந்த ஜூன் நெருங்கியதும் என் கணவர் சாதுவாகக் கேட்டார்: "இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகப்போறது யாருன்னு முடிவு பண்ணிட்டியா?"

மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டோம். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டும் உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொண்டன. முடிச்சு மட்டும் அவிழவில்லை.

அப்போதுதான் என் அப்பாவின் தங்கை, போடிக்கு வாழ்க்கைப்பட்ட ராசம்மா அத்தை, ஒரு விசேஷத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். முடிச்சைப் பார்த்ததும், "என்னடி இது, கன்னுக்குட்டியா?" என்றார். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வைகாசி ஏலத்துக்கு எங்கூருக்கு வந்துரு. ஏலத்துல எல்லாம் தெளிஞ்சு போயிரும்."

ஏலக்காய் நரம்புக்கு நல்லது என்று நானும் எங்கோ படித்திருந்தேன். புறப்பட்டுவிட்டேன்.

பஸ்சில் ஏறமாட்டேன் என்பதால் முழுக்க ரயில். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் அந்தச் சின்ன ரயில் என் சுபாவத்துக்கென்றே செய்தது போலிருந்தது. பத்து அடி யோசித்துத்தான் ஓர் அடி எடுத்து வைத்தது. வழியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் எங்கள் ரயில்பெட்டியில் இருந்த ஒருவரோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே நடந்து வந்தார்.

போடியில் முதல் நாள் காலைச் சாப்பாடு, சோளப் பணியாரமும் காரமான மல்லிச் சட்னியும். எங்கள் பக்கம் காரம் என்று சொல்வதை இங்கே இனிப்பு வரிசையில் வைப்பார்கள் என்று தெரிந்தது. பொன்னி கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டாள். காப்பி நன்றாக இருந்தது. கும்பகோணத்துக்காரி இதைச் சொல்வதற்கு ஊரில் மன்னிப்பு கிடையாது என்றாலும் சொல்கிறேன்.

நான் வைத்தியத்தை உடனே தொடங்கிவிட்டேன். அத்தை வீட்டு அலமாரியில் ஒரு தகர டின் நிறைய ஏலக்காய் இருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பயம் பழையதாயிற்றே, போதுமோ போதாதோ என்று படுக்கும்முன் கூடுதலாகக் கொஞ்சம். மறுநாள் காலையில் என் நாக்கு எனக்குச் சொந்தமில்லாதது போல் இருந்தது. மூச்சு விட்டால் பாயசம் மணத்தது.

டின்னைத் திறந்து பார்த்த அத்தை கேட்டார். "யாருடி காயை இம்புட்டுத் தின்னது? எலியா?"

"நான்தான் அத்தை. ஏலத்துல தெளிஞ்சுடும்னு சொன்னீங்களே. இன்னும் எத்தனை நாள் சாப்பிடணும்?"

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, சாய்ந்தவாறே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அடியே, படிச்சவளே! இதுக்குப் பேரு காயி. இங்கன யாரும் இதை ஏலம்னு சொல்ல மாட்டாக. ஏலம்னா ஏலம்! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பயத்தை ஏலத்துல விடுறதுடி!"

ஏலக்காயே தேவலை என்று தோன்றியது.

எனக்கு விளங்கட்டும் என்று அன்றைக்கே அத்தை என்னைக் காய்க்கடைகள் இருக்கும் தெருவுக்கு அழைத்துப் போனார். மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் மனிதர்கள், எல்லாவற்றுக்கும் மேல் மணம். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி காயை அள்ளித் தட்டில் கொட்டி நீட்டுகிறார்கள். வியாபாரிகள் உருட்டிப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், ஒன்றைக் கடிக்கிறார்கள். அதற்கு மாதிரி என்று பெயர்.

அத்தை என்னை ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, தொண்டையில் ஒரு மணி வைத்துக் கட்டியது போன்ற குரல். ஊரில் எல்லோரும் அவரை ராவுத்தர் என்றுதான் கூப்பிட்டார்கள். வைகாசியில் மலைமேல் கன்னிமார் கும்பிடு நடக்கும்போது ஏலம் கூறுவது அவர்தானாம்.

"நீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, நாக்கில் உணர்ச்சி இல்லை.

அவர் சிரித்தார். "சாமி அவுகளுது, ஏலம் நம்மளுது தாயி. எங்க வாப்பா காலத்துலேருந்து கூறுறோம். இந்தக் குரல் கேட்டாத்தான் கன்னிமாருக்கே ஏலம் தொடங்கிருச்சுன்னு தெரியுமாம்."

விதிகளையும் அவரே சொன்னார். மழை பிடிப்பதற்கு முன், காட்டுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் பயத்தைக் கன்னிமார் முன்னால் வைத்து விற்றுவிடுவார்கள். காசுக்குக் கேட்கக்கூடாது. கேட்பவர் தன்னிடமிருந்து எதையாவது கொடுக்க வேண்டும். அது இல்லாமல் போனால் கொஞ்சம் வலிக்க வேண்டும். ஏலம் எடுத்தவருக்கு அந்தப் பயம் சொந்தம். தன் சரக்கைத் தானே கேட்கக்கூடாது. போகாத சரக்கைக் கொண்டுவந்தவரே திருப்பி எடுத்துப் போக வேண்டும். அடுத்த வைகாசிக்குத்தான் மறுபடி வைக்கலாம்.

"அடுத்தவங்க பயத்தை யார் வாங்குவாங்க?" என்றேன்.

"எந்தச் சரக்குக்கும் ஒரு ஆளு இருக்கு தாயி. வந்து சேரணும், அம்புட்டுத்தான்."

தட்டிலிருந்த காயைக் காட்டி, "இதைத் திரும்ப மூட்டையில போட்டுடுவாங்களா?" என்று பொன்னி கேட்டாள்.

"மாதிரி எடுத்தது எடுத்ததுதான் ஆத்தா. அது மூட்டைக்குத் திரும்பாது" என்று சொல்லி அதில் இரண்டை அவள் கையில் வைத்தார்.

மூன்றாம் நாள் மலையேறினோம். அங்கே ரயில் போகாது. ஜீப்புதான்.

ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. போடியில் அது வேறு. உள்ளே ஆட்கள், பின்னால் தொங்கிக்கொண்டு ஆட்கள், மேலே அரிசி மூட்டை, மூட்டைமேல் ஒரு சேவல். அத்தைக்கு மலையில் சின்னதாக ஒரு காய்த்தோட்டம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பேச்சியும் எங்களோடு ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் சுருளி அவள் புருஷன்.

சுருளி ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கையில் பீடி. பேசும்போது பீடிக் கையை வீசிப் பேசினார். பின்னால் இருப்பவர்களிடம் பேச வேண்டியிருந்தால் பின்னால் திரும்பியே பேசினார். கொண்டை ஊசி வளைவு வந்தபோதெல்லாம் எனக்குப் பேச வேண்டும் போலிருந்தது. அவர் திரும்பிவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் வானம். கீழே போடி, யாரோ சிந்திய பொரி மாதிரி கிடந்தது. என் பிடியில் பொன்னியின் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

"மெதுவாப் போங்கண்ணே" என்றேன், கடைசியில்.

அவர் திரும்பினார். "மெதுவாத்தான தாயி போறேன்?"

"ரோட்டப் பாருய்யா!" என்றாள் பேச்சி. "பயம்னு ஒன்னு இம்மினியாச்சும் இருக்கா இந்த மனுசனுக்கு? ஒருநா இல்ல ஒருநா என்னைய முண்டச்சியாக்காம விடமாட்டான்."

"பயந்தா பொழப்பு நடக்குமாடி?" என்று சுருளி பீடியை வீசினார்.

உச்சியில், கேரள எல்லைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் நிறுத்தினார்கள். நான் இறங்கி, பூமி நகராமல் இருக்கிறதா என்று ஒரு கல்லில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மாள் பாலில்லாத கட்டன் சாயாவைக் கொண்டுவந்து கொடுத்து, என் முகத்தைப் பார்த்து, கனிவாகச் சொன்னாள்: "பேடிக்கண்டா மோளே."

எனக்குச் சுருக்கென்றது. பேடி என்றால் கோழை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பார்த்த மாத்திரத்தில் பேடியைக் கண்டாளாமே! கும்பகோணத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, முன்பின் தெரியாதவளிடம் இந்தப் பட்டம் வாங்க வேண்டுமா? சாயாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

அத்தைதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எங்க போற? பயப்படாத மகளேங்குது அந்தப் பொம்பளை. அது பாசையில பேடின்னா பயம்டி."

நான் திரும்பி உட்கார்ந்து சாயாவைக் குடித்தேன். வெறும் சாயாவுக்கு அது அருமையாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து மலையாளத்தில் என்னவோ பேசினார்கள். என்னவென்று கேட்டேன், இந்தத் தடவை கேட்டுவிடுவது நல்லது. அத்தை சொன்னார்: "சுருளி வண்டியில வந்தும் எல்லாரும் முழுசா இறங்குறாகளேன்னு ஆச்சரியப்படுறாக."

தோட்டத்தில் ஏலக்காயைத் தேடி மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பேச்சி என் தோளைத் தட்டித் தரையைக் காட்டினாள். மஞ்சள் செடியைப் போல ஆளுயரம் வளர்ந்த செடிகள். காய்ப்பதெல்லாம் அடியில், மண்ணோடு மண்ணாக. "எல்லாரும் மேல பாத்துக்கிட்டேதான் வருவாக" என்றாள். அங்கே கப்பை என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கை அவித்து, மிளகாய்ச் சட்னியோடு சாப்பிட்டோம். அட்டை ஒன்று என் காலில் ஏறியது. அதை எடுத்துப் போட்டது பொன்னிதான். நான் செய்தது கத்தியது மட்டும்.

நான்காம் நாள் ஏலம்.

ஓடைக்கு அருகில் பெரிய மரம் ஒன்று. அதன் அடியில் வரிசையாக ஏழு கற்கள், மஞ்சள் பூசி, பூ வைத்து. கோயில் என்று வேறெதுவும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் பிராகாரம் சுற்றியே கால் வலிக்கும். இங்கே சுற்றுவதற்குச் சுவரே கிடையாது. கூரையாவது போட்டிருக்கலாமே என்றேன். "கன்னிமாருக்கு மூச்சு முட்டுமே" என்றாள் பேச்சி. பொங்கல் பொங்கியது. குலவை போட்டார்கள். பொன்னியும் போட்டுப் பார்த்தாள். வாத்துச் சத்தம் வந்தது.

பிறகு ஆளுக்கொரு ஏலக்காய்ச் செடி இலை கொடுத்தார்கள். பயத்தை அதில் வாய் வைத்துச் சொல்லி, ஊதி, மடித்து, வாழைநாரால் முடிந்துவிட வேண்டும். நான் முடிந்ததைப் பார்த்த பேச்சி, "முடிச்சுப் போடுறதுல நீங்க கெட்டிதாங்க்கா" என்றாள்.

படித்தவள் செய்கிற காரியமா இது என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. டானிக் குடித்தது மட்டும் படித்து விளங்கியா குடித்தேன் என்று இன்னொரு கேள்வி எழுந்து அதை உட்கார வைத்தது.

ராவுத்தர் மரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறைமேல் நின்றார். தொண்டையைச் செருமினார். காடே கொஞ்சம் நிமிர்ந்தது.

முதல் சரக்கு, ஓர் இளைஞனின் யானைப் பயம். "நல்ல பெரிய சரக்கு! நாலு கால், ஒரு தும்பிக்கை! யாருக்கு வேணும்?" பக்கத்திலுள்ள தேவாரம் ஊரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் கை தூக்கினார். போன தடவை காவலுக்குப் போன இடத்தில் அவர் நன்றாகத் தூங்கிவிட்டாராம். யானை சோளக்கொல்லையை மேய்ந்துவிட்டு அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயிற்றாம். "எனக்கு அந்தப் பயம் வேணும்யா. என் கம்பளியைத் தாரேன்." கம்பளி இல்லாவிட்டால் எப்படியும் தூங்க மாட்டார் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

அடுத்தது ஒரு புது மருமகள். மாமியாரைக் கண்டால் பயம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்திலிருந்த மாமியாரே எழுந்தாள். "என் வெத்தலை உரலைத் தாரேன். நானே எடுத்துக்கிறேன். இனிமே நான் இவளுக்குப் பயந்துக்கிறேன், போதுமா?" சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் பொன்னியையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன். "என்ன சரக்கு?" என்றார் ராவுத்தர்.

"விபத்து குறித்த அச்சம்" என்றேன். பதற்றத்தில் பாடப்புத்தகமாக வந்துவிட்டது.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராவுத்தர் குனிந்து, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்: "தாயி, மூட்டையைப் பாத்து யாரும் வெலை சொல்ல மாட்டாக. ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துக் காட்டுங்க."

ஏழு கற்களும் என்னைப் பார்த்தன. "பிள்ளை கை..." என்றேன். மறுபடியும் ஆரம்பித்தேன். "பிள்ளை கை என் கையிலேருந்து நழுவிடுமோன்னு பயம். ஒரு தடவை நழுவிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"கை நழுவுற பயம்! நல்ல முத்துன சரக்கு! யாரு கேக்குறீக?"

ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி சொன்னாள்: "கோவிச்சுக்காதீகக்கா. அந்தச் சரக்கு எங்க வீட்டுலயே ரெண்டு மூட்டை கெடக்கு." மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். "எல்லா வீட்டுலயும் கெடக்கு. யாரு வாங்குவா?"

போகாத சரக்கு. ஜூன் மாதமும் ஜன்னலடியும் கண்முன் வந்தன. ராவுத்தர் இன்னொரு முறை கூவினார். அப்போது என் முந்தானையின் முனையிலிருந்து ஒரு குரல்.

"நான் எடுத்துக்கறேன்."

பொன்னி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "என் புதுச் செருப்பைத் தரேன். அம்மா பயத்தை எனக்குக் குடுங்க."

அவள் ஆசையாகக் கேட்டு வாங்கிய சிவப்புச் செருப்பு. படுக்கும்போதும் கழற்றாதது. அதை இப்போது கழற்றிக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

"வேண்டாம்! அவ குழந்தை! நானே வச்சுக்கறேன், திருப்பிக் குடுங்க!" என்று கத்தினேன்.

"சொந்தச் சரக்கைச் சொந்தக்காரர் கேக்கப்படாதே தாயி" என்றார் ராவுத்தர். அவர் முகத்திலும் சங்கடம். ஆனாலும் கன்னிமார் முன்னால் ஏலம் கேட்டால் கேட்டதுதான். "செருப்பு ஒரு தரம்..."

அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னிடம் வரவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் பேச்சி தன் புருஷனை விலாவில் குத்திவிட்டாள்.

"கேளுய்யா!"

"நானா? எனக்கெதுக்குடி அது?"

"உனக்குத்தான்யா வேணும்! ஒத்தக் கையில வண்டி ஓட்டுறவனுக்கு இல்லாம வேற யாருக்கு? கை நழுவுற பயம் உனக்கு இருந்திருந்தா, நான் தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள்.

"செருப்பு ரெண்டு தரம்..." ராவுத்தர் இவ்வளவு மெதுவாக ஏலம் கூறி யாரும் கேட்டதில்லையாம், அத்தை பிற்பாடு சொன்னார்.

சுருளி பொன்னியின் வெறுங்காலைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். பிறகு காதிலிருந்த பீடியை எடுத்து, சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டையும் எடுத்து, செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "ஓட்டும்போது இனிமே பீடி கெடையாது. போதுமா? வலிக்குதுய்யா, இப்பவே வலிக்குது."

"பீடி ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!" ஒரே மூச்சில் முடித்துவிட்டார் ராவுத்தர். குலவை மலை முழுக்கக் கேட்டது. இலை முடிச்சு சுருளியின் சட்டைப்பைக்குள் போயிற்று. பொன்னிக்குத்தான் ஏமாற்றம். செருப்பைத் திரும்பப் போட்டுவிட்டும் சமாதானமாகவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விற்றவர் ஓடைவரை தனியாகப் போய்க் கை கழுவிவிட்டு வர வேண்டும். போகும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது. அதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரயில் ஏறியிருக்க மாட்டேன் என்று அத்தைக்குத் தெரியும்.

முந்தானை முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். இறுகிப் போயிருந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவிழ்ந்ததும் பொன்னி, "போயிட்டு வாம்மா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றாள், ஸ்டேஷன் போர்ட்டர் மலையைப் பற்றிச் சொன்னதுபோல.

நடந்தேன். முதுகு முழுக்கக் காதாக நடந்தேன். பின்னால் அவள் வாத்துக் குலவை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. திரும்பவில்லை. தண்ணீர் சில்லென்று இருந்தது. கழுவிய கையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் அழுதேன். திரும்பி வந்தபோது அவள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி முடித்திருந்தாள்.

மறுநாள் இறங்கினோம். மதுரை ரயிலைப் பிடிக்க வேண்டும். பொன்னி முன்னால் பேச்சியின் மடியில். நான் பின்னால், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்.

சுருளி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். எதிரில் வண்டி வந்தால் ஓரம் கட்டி, அது போய், அதன் சத்தமும் போன பிறகு புறப்பட்டார். ஒரு மாடு எங்களை முந்திப் போயிற்று. பின்னால் தொங்கியவர்கள் இறங்கி நடந்தே வந்தார்கள், அவர்களுக்குச் சிரமமில்லை.

ரயில் நேரம் நெருங்கியது. நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்களேன்!"

சுருளி திரும்பவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எப்படி தாயி போறது? பயமா இருக்குல்ல!"

பேச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும்தான்.

ரயில் எங்களுக்காகக் காத்திருந்தது. எங்களுக்காக என்று சொல்லக்கூடாது. அதன் வழக்கமே அப்படி.

ஜூன் முதல் வாரம், போடிப் பக்கமிருந்து வந்த ஒருவர் மூலம் அத்தை ஒரு பொட்டலம் காயும் ஒரு சேதியும் அனுப்பினார். சுருளி வண்டியில் நேரமாகிறது என்று ஆட்கள் முணுமுணுக்கிறார்களாம். அடுத்த வைகாசியில் பாதிப் பயத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்கிறாராம். பேச்சி மட்டும் அப்படிக் கேட்கவில்லையாம். எங்கள் ஊர்க் கடைகளில் எழுதிப் போட்டிருப்பதையே பதிலாகச் சொல்லியனுப்பினேன்: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.

மறுநாள் பள்ளிக்கூடம். வாசலில் பொன்னி என் கையை விட்டாள், நானும் விட்டேன். யார் முதலில் என்று சொல்லத் தெரியவில்லை. சிவப்புச் செருப்பு டக்டக்கென்று உள்ளே ஓடிற்று. டீச்சர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். நான் கும்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது மலை விதி. கும்பகோணத்தில் அது செல்லாது என்று தெருமுனையில் முடிவு செய்து, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஏலத்தில் மாதிரிக்கு எடுத்த கைப்பிடிப் பயம் அது. மூட்டையோடு போகவில்லை.